வலது என்றுதான் சொன்னேனா

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஹால் முழுக்க வேப்பஞ்சருகு. சக்கரத்தில் சிக்கும் என்று பெருக்கச் சொன்னேன். கால் வீக்கம் பரவாயில்லை. சாம்பாரில் இன்றும் உப்பில்லை.

சாயங்காலம் ஒத்திகை. இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, குடும்பங்கள் வரும் நாள். அன்று ஆடிக் காட்ட வேண்டும். ஹாலின் நாலு பக்கமும் பக்கத்துக்கு ஜோடியாக எட்டுப் பேர், எல்லோரும் சக்கர நாற்காலியில், சதுரமாக நிற்பார்கள். (நிற்பார்களாம்! என்ன எழுதுகிறேன்.) பிசியோ ஜெனிபர் ஸ்பீக்கரில் கும்மி மெட்டு போடுவாள். நான் ஓரமாக என் நாற்காலியில் இருந்து சொல்வேன்: எதிரே வாங்க, கை தட்டுங்க, வலது சுத்துங்க, ஜோடி மாறுங்க. சொன்னபடி எட்டு நாற்காலியும் போகும். டெலிபோன் ஆபீஸ் ஆபரேட்டர் குரல், எல்லோருக்கும் கேட்கும் என்று அவள்தான் பிடித்துப் போட்டாள். இடுப்பெலும்பு உடைந்து இந்த இல்லத்துக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

இன்று விபரீதம். "வலது" என்றேன். என்றேன் என்று நினைக்கிறேன். மருதமுத்து மட்டும் இடது பக்கம் திருப்பினார். மணமேல்குடிக்காரர், படகில் விழுந்து முதுகு போனவர். கால் இரண்டும் இல்லாத மாதிரிதான், ஆனால் கை இரும்பு. மெதுவாகத் தள்ளவே தெரியாது. ராசம்மாள் நாற்காலியில் மோதி, இவர் நாற்காலி சாய்ந்து, தலை தூணில். ரத்தம். ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

ராசம்மாளுக்கு அடி இல்லை. "அழுவாதீங்கக்கா" என்று எனக்கு அவள் ஆறுதல் சொல்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். காபி இறங்கவில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் அறைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். போன் அடிக்கும் போதெல்லாம் நாற்காலியை மேஜைக்குக் கிட்டே நகர்த்தினேன். பருப்புக் கடைக்காரர். ஆக்ஸிஜன் சிலிண்டர்காரர். கடைசியில் ஆஸ்பத்திரி. தலை ஸ்கேன் சுத்தம். வெளிக்காயம்தான், தையல் போட்டாயிற்று. இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்புவார்கள்.

முருகா.

மேனேஜர்: "ஆட்டத்த நிப்பாட்டிருவோம்மா. அவங்க வீட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

நியாயம். அறைக்குத் திரும்பினேன்.

ஜூலை 9, புதன்

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கரண்டியை எடு என்பதற்குக் கதவை எடு என்பாள். சிரித்தோம். அப்புறம் என் பெயர் போனது. அப்புறம் அவள் பெயர்.

வலது என்று நினைத்து இடது என்று சொல்லியிருந்தால்? நான் சொன்னது எனக்கே நிச்சயமில்லை. அதுதான் பயம்.

ஒத்திகையைப் போனில் பிடித்திருக்கிறாளாம் ஜெனிபர். "பாக்குறீங்களாம்மா?" என்றாள். கண் எரிகிறது, அப்புறம் என்றேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

துவைத்த துணியில் என் நீலப் புடவை இல்லை. கேட்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மத்தியானம் மருதமுத்து வந்துவிட்டார்! தலையில் கட்டு. வாசலிலிருந்தே, "ஆபரேட்டரம்மா, லைன் கட்டாயிருச்சா?" என்று சத்தம்.

கிட்டே போனேன். அவரே தொடங்கினார்.

"நீங்க வலதுன்னுதான் சொன்னீங்க. எனக்குத்தான் இந்த வலது, எடது சட்டுனு பிடிபடாது. எல்லாரும் எங்கிட்டுப் போறாகன்னு பாத்துப் போவேன். அன்னைக்கிப் பாக்காம விட்டுட்டேன்."

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்? மண்டை என்னோடதாச்சே."

ஜெனிபரைக் கூப்பிட்டேன். போனைக் கையில் கொடுத்தாள். மெட்டு, கைதட்டல், பிறகு என் குரல், கணீரென்று: "வலது சுத்துங்க." மறுபடி போடச் சொன்னேன். மறுபடி. நாலாவது தடவை ராசம்மாள், "அக்கா, போதும், அவரு எத்தன தடவதான் விழுவாரு?" என்றாள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல அழுகை. சாப்பாட்டுக்கு மணி அடித்தது, கத்தரிக்காய்க் குழம்பு, இரண்டு தரம் வாங்கினேன்.

ஜூலை 12, சனி

டாக்டர் வரும் நாள். அன்று சொன்னது சரிதான், இருந்தாலும் எனக்கும் மறதி வருமா என்று கேட்டுவிட்டேன், அக்கா கதையையும் சொன்னேன். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் வரையுங்கள், மூன்று வார்த்தை சொல்கிறேன், பிறகு கேட்பேன் என்றார். சாவி, மாம்பழம், பாலம். இப்போதும் சொல்வேன்: சாவி, மாம்பழம், பாலம்.

"நல்லாத்தான்மா இருக்கீங்க. வருஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்குவோம்" என்றார். பி.பி. மட்டும் கொஞ்சம் கூட. ஊறுகாயைக் குறைக்க வேண்டுமாம். குறைக்கிறேன். இன்று என்ன கேட்டாலும் சரி என்றிருப்பேன்.

ஜூலை 14, திங்கள்

மருதமுத்து காலையிலிருந்து மேனேஜர் வாசலில். "விழுந்தது நான். எனக்கே பயமில்ல, ஒங்களுக்கு என்ன சார்?" டீ வேளைக்குள் மேனேஜர் இறங்கி வந்தார். எல்லோருக்கும் இடுப்புப் பட்டை. தூணுக்கு மெத்தை. வேகம் கூடாது.

சரி, வலது இடதுக்கு என்ன செய்ய? ஜெனிபர் கையில் வளையல் போடலாம் என்றாள். மருதமுத்து முறைத்தார். ராசம்மாள்தான் வழி சொன்னாள்: "சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு சொல்லுங்கக்கா. அது தெரியாத ஆளு உண்டா?"

மேனேஜர் முகம் சுளித்தார். "சொந்தக்காரங்க முன்னாடி பீச்சாங்கையா?"

"நாங்க பீச்சாங்கை வச்சிருக்கறது அவுகளுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் ராசம்மாள். பக்கவாதத்தில் அவளுக்கு வலக்கை போய்விட்டது. "எனக்கு ரெண்டு வேலையும் ஒரே கைதான், ஆனா நான் கொழம்ப மாட்டேன்."

போட்டுப் பார்த்தோம். ஒரு இடி இல்லை, ஒரு உரசல் இல்லை. மருதமுத்து சுற்றி வந்து சரியாக ராசம்மாள் எதிரே நின்றார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பாயசம். நீலப் புடவை கிடைத்தது, எதிர் அறைப் பெட்டியில். ஒத்திகை ஜோர். தொண்டைக்கு வெந்நீர்.

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம், நல்லவேளை. ஹால் நிறைய ஜனம். கீரனூர் பஸ் தாமதம் என்று மேனேஜர் அரை மணி தள்ளி வைத்தார். என் மகன் வரவில்லை, வீடியோ காலில் இருந்தான். மணமேல்குடியிலிருந்து மருதமுத்து மகள், தலைத் தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

நீலப் புடவை. முதல் சுற்று சுத்தம். ஜோடி மாறினார்கள், கை தட்டினார்கள். "சோத்தாங்கை!" என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பீச்சாங்கை!" என்றதும் பிள்ளைகளும் சேர்ந்து கத்தின. மேனேஜரே கத்தினார்.

இரண்டாம் சுற்றில் சோத்தாங்கை சொல்ல வேண்டிய இடத்தில் பீச்சாங்கை என்றேன். சந்தேகமே இல்லை, நானேதான் சொன்னேன், என் காதில் விழுந்தது. நாலு பேர் ஒத்திகைப்படி அங்கிட்டு, நாலு பேர் சொன்னபடி இங்கிட்டு. மெதுவாக, மெத்தென்று, எட்டு நாற்காலியும் ஹால் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டன. மெட்டு அது பாட்டுக்கு ஓடுகிறது. ராசம்மாள் சக்கரம் இன்னொருவர் சக்கரத்தில். யாராலும் நகர முடியவில்லை.

பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிரிப்புதான் வந்தது, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

நடுவிலிருந்து மருதமுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்: "ஆபரேட்டரம்மா! இந்தத் தடவ நான் இல்ல!"