பதிவேட்டில் மூன்று பேர்

ஜனவரி 8

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்தி ஒன்று. எங்கள் குடியிருப்போர் சங்கம் நேற்று மூன்று மணி நேரம் விவாதித்து, பொதுக் குளியலறையில் ஒருவருக்கு உரிய நேரத்தை ஏழு நிமிடத்திலிருந்து ஆறாகக் குறைத்தது. எதிர்த்தவர் மூன்றாம் மாடித் தையல்காரர் மட்டுமே. "இன்னிக்கு சோப்பு போட்டா நாளைக்கு வந்து கழுவிக்கணுமா?" என்று கேட்டார். சங்கச் செயலாளர் என்ற முறையில் அதையும் குறிப்பில் ஏற்றினேன்.

இருநூறு பேருக்குக் கட்டிய கட்டடத்தில் எழுநூறு பேர் இருக்கிறோம். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு குடும்பம் குடியேறிவிட்டது. மேலே போகிறவர்கள் மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டைக் கடக்கிறோம். பிறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் பழி என்மேல் விழுகிறது. "சார், கொஞ்ச நாளைக்குப் பேனாவை மூடி வைங்களேன்" என்கிறார்கள். நேற்று மட்டும் நானூற்றுப் பதினோரு சான்றிதழ் எழுதினேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்டிருந்தாய். போன முறை நான் "கோவமா?" என்று கேட்டதற்கு, என் அறையின் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து "இல்லீங்க" என்று பதில் வந்தது. குரல் உன்னுடையதல்ல.

கலங்காதே. அறைக்கு மூன்று பேர்தான் என்று விதி வரப்போகிறது. பதிவேடு என் கையில். உங்கள் மூவரின் பெயரையும் முதல் ஆளாக எழுதிவிட்டேன். என்னோடு தங்கியிருக்கும் நான்கு பேரும் காலி செய்தாக வேண்டும்.

உன் வீட்டுக்காரன்

ஜனவரி 19

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஆறு நிமிடத்தில் குளித்துவிடுவோம். இங்கே அண்ணன் வீட்டில் அதுகூட இல்லை.

அண்ணிக்கு அடுத்த மாதம் பிரசவம். நாங்கள் மூவரும் சமையலறைக்கு மாறிவிட்டோம். அண்ணி திட்டுவதில்லை. தட்டு வைக்கும்போது சத்தமாக எண்ணுகிறாள், அவ்வளவுதான். அண்ணன் காது கேட்காதவன் மாதிரி சாப்பிடுகிறான்.

ஆறு வருடமாக 'அடுத்த மாசம்' என்று எழுதுகிறீர்கள். சின்னவன் உங்களை மூன்று முறைதான் பார்த்திருக்கிறான். பள்ளியில் அப்பாவை வரையச் சொன்னார்களாம். ஒரு கடித உறையை வரைந்து வைத்திருக்கிறான். "அப்பா போஸ்ட்மேனா?" என்று டீச்சர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

இந்த முறையாவது நிஜமா?

உங்கள் வீட்டுக்காரி

பிப்ரவரி 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நிஜம். விதி நிறைவேறியது. பதிவேட்டில் பெயர் இல்லாத எவரும் மார்ச் முதல் தேதிக்குள் வெளியேற வேண்டும். பெயர் இருந்தும் அன்றைக்குள் குடிவராதவர்கள் இடம் காத்திருப்போருக்குப் போகும். வெளியாட்கள் ஞாயிறு மாலை மட்டும் வரலாம், வாரத்துக்கு நாற்பது பேர், டோக்கன் உண்டு. வாசகம் முழுக்க என்னுடையது. 'விதிவிலக்கு எவருக்கும் கிடையாது' என்று முடித்தபோது கைதட்டினார்கள். தையல்காரரும் தட்டினார்.

பெட்டி கட்டு. சன்னல் ஓரம் உனக்கு. வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர் தெரியும். நல்ல சுவர்.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 17

அன்புள்ளவளுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான்கு நாளுக்கு முன்னால் சரிபார்ப்பு. தையல்காரர் பதிவேட்டைப் புரட்டினார்.

"சார், உங்க அறையில மூணு பேர் சரியா இருக்கு. உங்க பேரு எங்க?"

"கீழ இருக்கே."

"அது கையெழுத்து சார். பேரு?"

இருபது வருடமாகப் பதிவேடு எழுதுகிறேன். எழுதுகிறவன் தன்னை அதில் எழுதுவதில்லை, அடியில் கையெழுத்துதான் போடுவான். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது, தலைகளை எண்ணும்போதும் என்னைச் சேர்க்கவில்லை. அறை நிறைந்துவிட்டது. இன்னும் வராத மூன்று பேர் இருக்கிறார்கள். இருக்கிற நான் இல்லை.

கெஞ்சினேன். வெட்கத்தை விட்டு எல்லார் முன்னாலும் கெஞ்சினேன். "விதிவிலக்கு கிடையாதுன்னு எழுதினதே நீங்கதானே" என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். காத்திருப்போர் முந்நூற்றுப் பதினெட்டு. ஊர் முழுக்கத் தேடிவிட்டேன். ஒரு கட்டில் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் வைக்கும் அறையில் என்னை மட்டும் படுத்துக்கொள்ள விடுகிறார்கள்.

ஒரு வழி இருக்கிறது. மூன்றில் ஒரு பெயரை அடித்தால் என் பெயரை எழுதலாம். பேனாவைத் திறந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவள் சமர்த்து. உன் அண்ணன் வீட்டில் ஆறே மாதம் இருந்தால் அதற்குள் ஏதாவது செய்துவிடுவேன். என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது.

உன்னவன்

பிப்ரவரி 23

அன்புள்ள உங்களுக்கு,

அண்ணிக்குப் பெண் குழந்தை. சமையலறையில் தொட்டில் கட்டியாகிவிட்டது. எங்கள் துணிமூட்டை வாசலில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பெரியவளிடம் காட்டவில்லை. அவளாகவே எடுத்துப் படித்துவிட்டாள். "நான் ரொம்ப சின்னதா படுத்துப்பேன்னு அப்பாவுக்கு எழுதும்மா" என்றாள். எப்படி என்று தரையில் சுருண்டு படுத்தும் காட்டினாள். அதைப் பார்த்துவிட்டு நான் யாரை அடிக்கச் சொல்வது?

எந்தப் பெயரையும் தொடாதீர்கள். மூன்று பேரும் வருகிறோம். இருபத்தெட்டாம் தேதி ரயில். நிலையத்துக்கு வாருங்கள். சின்னவனுக்கு உங்களை அடையாளம் காட்ட வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

இதை உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுவது வேடிக்கையாக இருக்கிறது. போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் உடனே அமைதியாகிவிட்டது.

அன்று பெட்டியை வாசல்வரை தூக்கிவந்து கொடுத்தீர்களே, வாயிற்காவலர் உங்களைத் தடுத்தபோது சின்னவன் கேட்டான்: "போஸ்ட்மேன் உள்ள வர மாட்டாரா?" உங்கள் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அறை நன்றாக இருக்கிறது. சுவரும் நன்றாக இருக்கிறது. பெரியவள் இன்னும் சுருண்டுதான் படுக்கிறாள், நீட்டச் சொன்னாலும் நீட்டுவதில்லை. ஆணியில் உங்கள் சட்டை ஒன்று இருந்தது. துவைக்கவில்லை.

தையல்காரர்தான் இப்போது செயலாளர். நல்ல மனிதர். பார்வையாளர் விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். "உறவு?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அந்த நாற்பது டோக்கனில் ஒன்றுக்காக நேற்று விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசையில் போய் நின்றேன்.

உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் டோக்கன் எண் நாற்பத்தொன்று.