பதினாலும் பத்தொன்பதும்

3 பெப்ரவரி 2025, திங்கள்

தாழ்வுபாட்டு மீனவரிடமிருந்து அழைப்பு இல்லை. பிரேமிளாவிடமிருந்தும் இல்லை. முதலாவதற்குக் காரணம் காற்று, படகு இறங்கவில்லை. இரண்டாவதற்கு என் வாய்.

நேற்றுப் பூசை முடிந்து எங்கள் ஆமைக் குழுவின் கூட்டம். வலையில் உயிரோடு சிக்கும் பேராமைகளைத் திரும்பக் கடலில் விடுவதற்கு முன் நானும் பிரேமிளாவும் அவற்றின் கன்னத்தைப் படம் எடுப்போம். கன்னத்துச் செதில்கள் கைரேகை மாதிரி. ஒரு ஆமையினுடையது இன்னொன்றுக்கு இராது. எங்கள் பதிவில் பதினாலாம் இலக்கமும் பத்தொன்பதாம் இலக்கமும் ஒரே ஆமை என்றாள் பிரேமிளா. ஓட்டின் விளிம்பில் ஒரே இடத்தில் வெட்டாம். இரண்டையும் அவள் வராத நாட்களில் தனியாகப் பதிந்தவள் நான். செதில்கள் வேறு வேறு என்று படத்தைக் காட்டினேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

“தன்ர மனுசன் ரெண்டு வீடு வைச்சிருந்ததே தெரியாதவ, ரெண்டு ஆமையை ஒண்டு எண்டுறா” என்றேன்.

கூட்டத்தை நடத்தும் டொமினிக் அண்ணன் சிரித்த சிரிப்பில் கதிரை முறியப் பார்த்தது. பிரேமிளா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புருசன் கட்டாரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த கதை அவள் எனக்கு மட்டும் சொன்னது. மடு மாதா கோயிலுக்குப் போகும் பஸ்ஸில், முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டு.

நல்ல பகிடிதான். அதுதான் பிரச்சினை.

11 பெப்ரவரி

நாலு தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. டொமினிக் அண்ணன் தலைக்குச் சாயம் பூசுவது பற்றி முதல்தரமான கதையொன்று கிடைத்திருக்கிறது. சொல்ல ஆளில்லாமல் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

20 பெப்ரவரி

தாழ்வுபாட்டில் கொலின்ஸின் வலையில் ஒரு பேராமை. ஓட்டு விளிம்பில் அதே வெட்டு. கொலின்ஸ் தலையைப் பிடிக்க, இரண்டு கன்னத்தையும் எடுத்தேன்.

வீட்டில் வந்து ஒப்பிட்டால் — இடக்கன்னம் பதினாலு. வலக்கன்னம் பத்தொன்பது. தனியாகப் பதிந்த நாட்களில் தரத்துக்கு ஒரு கன்னம்தான் எடுத்திருக்கிறேன்.

ஒரே ஆமையின் இரு கன்னமும் ஒன்றாக இராது என்று பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள். அந்த நேரம் நான் பயிற்றுவித்தவரின் தலைமயிர் சொந்தமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். தனியே திரிந்த ஆமைக்கு ஒரு சோடியை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

2 மார்ச்

கூட்டத்தில் எழும்பி, பிழை என்னுடையது, பிரேமிளா சொன்னதுதான் சரி என்றேன். பதிவிலிருந்து பத்தொன்பதை வெட்டினேன். நான் பெரிய மனுசி என்று எனக்கே பட்டது. அவள் வரவில்லை.

5 மார்ச்

விபூதிப் புதன். தவக்காலம் முடியும்வரை ஊர்க்கதை பேசுவதில்லை என்று நெற்றிச் சாம்பலோடு முடிவெடுத்தேன். பத்து மணிக்கு மீன்காரர் வந்தார். முடிந்தது.

8 மார்ச்

பாப்பாமோட்டையில் பிரேமிளா வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் பிழையை ஒத்துக்கொண்டதைச் சொன்னேன்.

“கேள்விப்பட்டனான், மாக்கிறட். ஆமையைப் பற்றிச் சொன்னாய். என்னைப் பற்றி?”

ஒரு பகிடி நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். தேத்தண்ணி தந்தாள். குடித்தேன். பஸ் வந்தது.

9 மார்ச்

ஏன் சொல்லேல்லை? ரெண்டு சொல்லுத்தானே. ஐம்பத்திரண்டு வயசாச்சு — பகிடி விடாமல் ஒருத்தியோட கதைக்கத் தெரியாதா உனக்கு?

6 ஏப்ரல்

கூட்டத்துக்குப் பிரேமிளா வந்திருந்தாள், கடைசிக் கதிரையில். நான் எழும்பியதும் எல்லோரும் சிரிப்பதற்கு ஆயத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

“அண்டைக்கு நான் விட்டது பகிடி இல்லை. நம்பிச் சொன்ன கதையை, நாலு பேர் சிரிக்க வேணும் எண்டு வித்தனான். பிரேமிளா, என்னை மன்னிச்சுக்கொள்.”

டொமினிக் அண்ணன் தொண்டையைச் செருமி அடுத்த விடயத்துக்குப் போனார். பிரேமிளா மடியிலிருந்த படிவத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

9 ஏப்ரல்

தாழ்வுபாட்டில் பேராமை. பிரேமிளா வந்தாள். அவள் தலையைப் பிடிக்க நான் படம் எடுத்தேன். அவள் அளந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் இருந்தாள். முன்பென்றால் மன்னார் வருவதற்குள் பாப்பாமோட்டைக் கதை முழுவதையும் அவிழ்த்துக் கொட்டிவிடுவாள். என்ன புதினம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

“ஓடு அறுபத்திரண்டு சென்ரிமீற்றர்” என்றாள்.

எழுதிக்கொண்டேன்.