சட்டைக் கையில் இருந்த நத்தை

அக்டோபர் 24, புதன்

விடாத தூறல். பள்ளி இல்லை. அண்ணன் சவரியைப் பாகூர் ஏரியிலிருந்து எடுத்து ஐந்து நாள். தானாக இறங்கிச் செத்தவனாம், கல்லறைத் தோட்டத்தில் சாமியார் இடம் தரவில்லை. மதிலுக்கு வெளியே புதைத்தோம். ‘என் கண்ணால பாத்தேன்’ என்ற சாட்சி அந்தோணி ஒருவன்தான். அண்ணனோடு எல்லை தாண்டிச் சாராயம் கடத்தும் கூட்டாளி. செத்தவனுக்கு வாய் ஏது.

அண்ணி அண்ணன் துணிகளைத் தொடவே மாட்டேன் என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். சட்டைக் கை மடிப்பில் ஒரு நத்தை. சிப்பி சேர்க்கும் டாக்டர் துரைக்குப் பொறுக்கிக் கொடுத்துச் சீட்டு எழுதிய பழக்கம், விடுமா:

சோளம் அளவு. ஓடு தடிப்பு, முனை கூர்.
பழுப்பு வரி, நெளிநெளியாக.
வாயில் மூடி.

ஏரி நத்தைக்கு ஓடு மெல்லிசு, உருண்டை. இது அது இல்லை.

உப்புக் கரைத்த தம்ளரில் போட்டேன். மூடி திறந்தது. உயிரோடு!

25, வியாழன்

சைக்கிளில் நல்லவாடு மீனவர் குப்பம். நத்தை தீப்பெட்டியில். மீன் கூறு கட்டிக்கொண்டிருந்த அம்மாள் பார்த்ததும் சொன்னாள்:

“உப்பங்கழி மரத்துல ஒட்டிக்கினு கெடக்குங்க. தண்ணி ஏறுனா ஏறும், வடிஞ்சா எறங்கும்.”

“ஏரியில?”

“இன்னா சார் நீங்க! ஏரியில ஏது?”

அப்படியானால் அண்ணன் செத்த இடம் ஏரி இல்லை. யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

26, வெள்ளி

காலை ஏழரை. நத்தை தம்ளர் விளிம்பில். மதியம் ஒன்றரைக்கு அடியில். யாரும் தொடவில்லை.

27, சனி

மழை. சோப்பு வாங்க வேண்டும். இன்று விளிம்புக்கு வந்தது எட்டேகாலுக்கு, கடலேற்றம் போலவே முக்கால் மணி தள்ளி. கடல் மூன்று மைல் தள்ளி, ஆனால் என் மேசைமேல் ஏற்றமும் வற்றமும். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட.

வெள்ளிக்கிழமை கல்லறைத் திருநாள். அதற்குள் அண்ணனை மதிலுக்குள் சேர்க்க வேண்டும். நாளை சாமியாரிடம்.

28, ஞாயிறு

பூசை முடிந்து, சாமியாரைத் தனியே பிடிக்க முடியாமல் வந்தால் பின்னாலேயே அந்தோணி. துக்கம் விசாரிக்கவாம். மணி ஒன்பது. நத்தை ஏறிக்கொண்டிருந்தது.

“இது இன்னா வாத்தியாரே?”

“துரைக்குப் பொறுக்கினது.”

அந்தோணி குனிந்தான். அது விளிம்பைத் தொடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் சட்டைக் கை மடிப்பைப் பிரித்து உதறினான். ஒன்று, பிறகு மற்றது. நத்தை எங்கே இருந்தது என்று நான் சொல்லவே இல்லை.

கதவைத் தாழிட்டுவிட்டு எழுதுகிறேன். அவன் செருப்புச் சத்தம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.