ஆறாம் படுக்கைக் குழந்தையின் விலாக் குழாய் குறித்து

அனுப்புநர்:
ஆறாம் படுக்கைக் குழந்தையின் தாய்,
பார்சல் அலுவலக ஊழியர்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: என் மகளுக்கு உணவு செல்லும் குழாயை வடிகுழாய் என்று எண்ணி அகற்ற முயன்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்கு ஆறு வயது. வார்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டதால், அவளுக்குச் சாப்பாடு முழுவதும் இரத்தக் குழாய் வழியாகத்தான். கழுத்திலும் தொடையிலும் இருந்த பெரிய நாளங்கள் ஒவ்வொன்றாக அடைத்துப் போயின. கடைசியில் கதிரியக்க மருத்துவர் வலது விலாவுக்குக் கீழே துளையிட்டு, கல்லீரல் வழியாக இதயத்தருகே ஒரு குழாயைக் கொண்டு சேர்த்தார். "இத விட்டா வேற வழி இல்லம்மா, கண்ணு மாதிரி பாத்துக்குங்க" என்றார். சொன்ன கையோடு மாறுதலாகிப் போய்விட்டார்.

2. விலாப் பக்கம் குழாய் தெரிந்தால் அது பித்தநீரை வெளியேற்றும் வடிகுழாய் என்று எடுத்துக்கொள்வது இங்கே பழக்கம். போன வாரம் ஒருவர் அதில் பித்தநீர் பிடிக்கும் பையையே மாட்டிவிட்டார். குழாயின் கவ்வி மூடியிருந்ததால் பிழைத்தோம்; இல்லையென்றால் பையில் இரத்தம்தான் இறங்கியிருக்கும். நேற்றுக் காலை, இரவெல்லாம் ஏறிய உணவு முடிந்து குழாய் மூடியிருந்த நேரம். பணி மாறும் வேளை என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்த மருத்துவர், "ஒண்ணுமே வடியலையே, எடுத்துடலாம்" என்றாராம்; குழாயைப் பிடித்திருக்கும் தையலை வெட்டக் கத்தரிக்கோலோடு குனிந்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தட்டுகிறேன், யாரும் திரும்பவில்லை. மகள் இரண்டு கையாலும் குழாயைப் பொத்திக்கொண்டு, "அது குடிக்கிற குழாய்!" என்று போட்ட சத்தத்தில் மூத்த செவிலியர் ஓடிவந்து தடுத்தார். வாயாடி என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை.

3. அந்த மருத்துவர் மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் நடவடிக்கை கேட்டு நான் எழுதவில்லை. விவரமெல்லாம் கோப்பில் இருக்கிறதாம். குனிகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா ஐயா? போன வாரம் பை மாட்டிய அன்றைக்கே, குழாய்க் கட்டின் மேல் நானே பேனாவால் எழுதினேன். கிருமி சேரும் என்று அன்றே கட்டை மாற்றிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் பீங்கான் கோப்பைக்குக்கூட 'இந்தப் பக்கம் மேலே' என்று சீட்டு ஒட்டாமல் அனுப்புவதில்லை.

4. ஆகவே, குழாயிலும் படுக்கைத் தலைமாட்டிலும், 'உணவு செல்லும் குழாய், அகற்றக் கூடாது' என்று சிவப்புச் சீட்டு கட்டவும், பணி மாறும் வேளையில் நான் படுக்கையருகே நிற்கவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

5. இன்னொன்று. குழாயைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நேற்று முதல் அவள் கைகளைக் கட்டிலோடு கட்டிவைத்திருக்கிறார்கள். அவள் பிடுங்கவில்லை ஐயா. புது முகம் யார் வந்தாலும் குழாயைப் பொத்திக்கொள்கிறாள், அவ்வளவுதான். கட்டியதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. யாராவது கிட்டே போனால் கண்ணாடிப் பக்கம் என்னைத் தேடுகிறாள்.

சீட்டு அச்சாகி வர நாளாகுமென்றால் ஆகட்டும். அதுவரை அவள் கைகளையாவது அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். இன்றைக்கு அந்தக் குழாய்க்கு இருக்கிற ஒரே சீட்டு அந்தக் கைகள்தான்.

இடம்: தீவிர சிகிச்சைப் பிரிவு வராந்தா
தேதி: வியாழக்கிழமை, மாலைப் பணி மாறுவதற்கு முன்

தங்கள் உத்தரவுக்காகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும்,
(கையொப்பம்)
ஆறாம் படுக்கை அம்மா