நாலு வருஷப் பட்டாளக்காரன்

நவம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் ஸ்மைலின் சொல்லிவிட்டாள். கட்டினால் ஜிபினைத்தான் கட்டுவாளாம். பையன் தங்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் அக்னிவீர், பட்டாளத்தில் நாலு வருஷ ஒப்பந்தக்காரன். ஜனவரி முதல் வாரத்தோடு நாலு வருஷம் முடிகிறது. நாலில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள். பட்டியலில் இவன் பெயர் இல்லை. ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் கிடந்தவன் நான். என் பென்ஷன் இல்லாமல் இவளை எம்.எஸ்சி. வரை படிக்கவைத்திருக்க முடியுமா? பெண்ணைத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 9

மீன்குழம்பில் உப்பே இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 7, கொடிநாள்

வடசேரியில் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டம். நான் செயலாளர். சிறப்பு விருந்தினர் எங்கள் சபைக்காரர், முன்னாள் எம்.எல்.ஏ. ஏசுஅடிமை. அக்னிவீர்களுக்கும் பென்ஷன் வேண்டும் என்று மனுவை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மைக்கிலேயே சிரிக்கிறார்: "ராஜையா, நாலு வருஷ வேலைக்கு ஆயுசுக்கும் பென்ஷனா? தேச சேவைக்குக் கூலி கேக்கலாமாவே?"

ரத்தம் தலைக்கேறிவிட்டது. இந்த மனுஷன் இடைத்தேர்தலில் ஜெயித்து உட்கார்ந்திருந்தது இரண்டே வருஷம்! அடுத்த தேர்தலில் தோற்றார். அன்றிலிருந்து மாதாமாதம் பென்ஷன், இலவச பஸ். பதினைந்து வருஷம் முடிக்காமல் வந்திருந்தால் எனக்கே பென்ஷன் இல்லை. இவருக்கு என்னலே, பனியில விரல் மரத்துச்சா? எந்த மலையில காவல் நின்னாரு? அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பொன்னாடையைப் போர்த்திவிட்டு வந்தேன் — இந்தக் கையால்! சீ.

டிசம்பர் 8

இதையெல்லாம் சொல்லிச் சாப்பாட்டு நேரத்தில் கத்தினேன். ஸ்மைலின் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நாலு வருஷத்துக்குப் பென்ஷன் இல்லைன்னு அவரு சொன்னாரு. பொண்ணு இல்லைன்னு நீங்க சொன்னிய. ரெண்டு பேருக்கும் என்னப்பா வித்தியாசம்?"

 

டிசம்பர் 20, ஞாயிறு

ஜிபின் லீவில் வந்திருக்கிறான். சங்கத்தில் சேர விண்ணப்பம் கேட்டு வந்தான். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விதியைப் படித்துக் காட்டினேன்: அக்னிவீருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது.

"அப்போ நான் யாரு மாமா?" என்றான். அதில் கோபம்கூட இல்லை.

லடாக்கில் இரண்டு குளிர்காலம் நின்ற பயல். தோற்ற எம்.எல்.ஏ.வுக்குச் சாகும்வரை 'முன்னாள்' உண்டு; இவனுக்கு அந்த ஒரு வார்த்தைகூடக் கிடையாதாம்! என்ன நியாயம் இது? நானும் அந்த விதிப்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்?

உள்ளே போய் ஸ்மைலினைக் கூப்பிட்டேன். "ரெண்டு பேருக்கும் காப்பி போடு மக்கா" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஜனவரி 24, ஞாயிறு

இன்று முதலாவது ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு சபையில் வாசித்த பிறகுதான் கல்யாணம். ஓலைக்கு விவரம் எழுதும்போது, மாப்பிள்ளையின் தொழில் என்ற இடத்தில் ஜிபின் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். நான் வாங்கி எழுதினேன்.

போதகர் அதைச் சத்தமாக வாசித்தார்: "முன்னாள் படைவீரர் ஜிபின்..." யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார்.

முன்வரிசையிலிருந்து ஏசுஅடிமை என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எழும்பும்வே, எழும்பிச் சொல்லும். அவர் எழும்பவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார்.

இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். இரண்டு ஞாயிறும் உட்கார்ந்து கேட்கட்டும்.