ஓட்டோவில் ஏற்றவிடவில்லை

ஐப்பசி 9, புதன் இரவு.

தங்கச்சியின் புருஷன், என் மச்சான், இன்று பின்னேரம் தென்னையிலிருந்து விழுந்துவிட்டார். பேச்சு இருந்தது, கால்களில் உணர்வில்லை. அம்புலன்சுக்கு நான்தான் கோல் எடுத்தேன். முதுகெலும்பு முறிந்திருக்கலாம், வண்டி வரும்வரை அசைக்காதீர்கள் என்று போனில் பேசிய பிள்ளை சொன்னாள்.

அதற்குள் பெரியகல்லாறு ஊரே பார்க்க வந்துவிட்டது. தங்கச்சியின் மூத்தவன் ஓட்டோவைக் கொண்டுவந்து தகப்பனைத் தூக்கப் போனான். நான் குறுக்கே நின்றேன்.

"மாமா, நீங்க என்ன டொக்டரா? தள்ளுங்க."

"டொக்டர் இல்லாததாலதான்டா தொடவேணாமெண்டு சொல்றன்."

"அண்ணா, அவருக்கு ஏதும் நடந்தா உங்களாலதான்," என்று தங்கச்சி கத்தினாள்.

அம்புலன்ஸ் வந்து ஒழுங்கை முனையில் நின்று ஹோர்ன் அடித்தது. பார்க்க வந்தவர்களின் மோட்டார்சைக்கிள்கள் வழியை அடைத்துக் கிடந்தன. இரண்டை ஓரத்தில் தண்ணி ஓடும் கானுக்குள் தள்ளிவிட்டேன். ஏசினார்கள். ஏசட்டும்.

மச்சானைப் பலகையில் கிடத்தி, கழுத்துக்குப் பட்டி போட்டு ஏற்றினார்கள். தங்கச்சி என்னை ஏறவிடவில்லை. இப்போது நான் எடுக்கும் கோலையும் வெட்டுகிறாள்.

இன்னொருமுறை விழுந்தாலும் தொடவிடமாட்டேன். இந்தமுறை மனுஷன் எழும்பி நடக்கட்டும்.