தண்ணீர் எருமை

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் சொதப்பல். அக்காவின் பிசியோதெரபி மையத்தில் வெந்நீர்க் குளத்தைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மூன்றாம் வருஷத்தோடு இன்ஜினியரிங் காலேஜை விட்டவனுக்கு அவள் பார்த்துக் கொடுத்தது. காலையில் ஹீட்டர் குமிழை ஐந்தில் வைத்தேன். தண்ணீரின் சூடு காட்டும் முள் லேசாகத்தான் நகர்ந்தது. பொறுக்குமா எனக்கு? பத்துக்குத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஆவி பறக்கிறது.

ஹாரன் மாமா சக்கர நாற்காலியில் காத்திருந்தார். பஸ் ஓட்டியவர், இடுப்பு உடைந்தவர், குரல் மட்டும் உடையவே இல்லை. "ஏன்டா, என்னை வேக வைக்கவா கூட்டிட்டு வந்தீங்க?" வெதுவெதுப்பான தண்ணீரில்தான் அவர் கால் கொஞ்சமாவது அசையும். இறங்காமலே வீட்டுக்குப் போனார்.

அக்கா: "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, குளத்தையே மூடிருவேன்." குளத்தை மூடினால் மாமா கால்?

மார்ச் 5, புதன்
பயத்தில் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன். தண்ணீர் கண்டுகொள்ளவே இல்லை. நடுவிலேயே நின்றது. எருமை.

நாலு வாளி கொதிநீரைக் கொட்டினேன். முள் சட்டென்று துள்ளியது. ஜெயிச்சுட்டேன்! அப்புறம் மெல்ல வழுக்கிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சீ.

மார்ச் 9, ஞாயிறு
லீவு. யாரும் இல்லை. குமிழை ஐந்தில் வைத்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதலில் நன்றாக ஏறியது. பிறகு மெதுவாக. கடைசியில் ஊர்ந்தது. மிச்சத் தூரம் குறையக் குறைய வேகமும் குறைகிறது. நோட்டில் வரைந்தால், செங்குத்தாக ஏறி மெல்லப் படுத்துக்கொள்ளும் ஒரு கோடு.

அடப்பாவி! இந்த வளைவை எனக்குத் தெரியுமே! வாத்தியார் இதைக் கரும்பலகையில் போட்டபோது நான் ஜன்னல் வழியாகக் காக்காய் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இதுதானா? குளத்தைச் சுற்றி ஓடினேன், வழுக்கி விழுந்தேன், சிரித்தேன்.

மத்தியானம் குமிழைச் சீராக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தேன். தண்ணீரும் ஏறியது, ஆனால் ஒரே இடைவெளி விட்டுப் பின்னால். கடைக்குப் போகும் அம்மாவுக்குப் பின்னால் நான் நடப்பேனே, அப்படி. சோம்பேறி இல்லை, பின்னாலேயே வருகிறது. நாம்தான் முன்கூட்டியே கிளம்பணும்.

மார்ச் 10, திங்கள்
விடியும் முன்பே வந்து ஐந்தில் வைத்தேன். தொடவில்லை.
"என்னடா சும்மா உக்காந்திருக்க?"
"வேலை பாக்குறேன்க்கா."
மாமா இறங்கினார். "ம்ம்" என்றார். அந்தத் தொண்டையிலிருந்து ஒரு "ம்ம்" வருவது பெரிய விருது.

மார்ச் 19, புதன்
மாமா முகம் தொங்கிப்போயிருந்தது. "முதல் வாரம் கால் ஜம்முனு அசைஞ்சு குடுத்துச்சுடா. இப்ப அப்படியே நின்னுபோச்சு. நாளையிலிருந்து வரல."
"நிக்கல மாமா. மிச்சம் கம்மியாயிருச்சு, அதான் மெதுவாத் தெரியுது."
"நீ என்ன டாக்டரா?"
"பாதியில ஓடிவந்தவன்."
சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற அக்கா மறுக்கவில்லை. நான் சொன்னது சரியா? சரியா இருக்கணும்.

மார்ச் 20, வியாழன்
வந்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி
ஹீட்டர் அறையில் இருந்தேன். முள் கடைசிக் கோட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. கை அரித்தது. கொஞ்சூண்டு, ஒரே ஒரு திருப்பு—
"எடுறா கையை!"
குளத்துப் பக்கமிருந்து வரவில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது சத்தம். திரும்பினேன். வாசலில் ஹாரன் மாமா, கதவு நிலையைப் பிடித்து நின்றபடி, சொட்டச் சொட்ட. சக்கர நாற்காலி குளத்தின் அந்தக் கோடியில், காலியாக.